காட்டுயிர் ஆஸ்பத்திரியில் யார் யார் வேலை பார்க்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்கு வெளியே, அழகர்மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், வனத்துறை அனுமதியோடு நடக்கும் சின்ன சிகிச்சை மையம் ஒன்றில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை. கூண்டு கழுவச் சேர்ந்தவன். இப்போது கூண்டு கழுவுவதோடு பதிவேடும் எழுதுகிறேன். கல்யாண வீட்டில், டீக்கடையில், எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று ஆட்கள் கேட்பதெல்லாம் சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான். இடத்தின் முகவரியை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மயில் பார்க்க வந்துவிடுவீர்கள்.

அங்கே எத்தனை டாக்டர்கள் இருக்கிறார்கள்?

ஒரே ஒருவர். அவரும் முழு நேரம் எங்களுக்குச் சொந்தமில்லை. காலையில் அரசு கால்நடை மருந்தகத்தில் மாடு, ஆடு, கோழி பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் பைக்கில் வந்து சேருவார். இடையில் அவசரம் என்றால் போனில் சொல்வார், நாங்கள் செய்வோம். பொங்கல் வாரத்தில் மட்டும் அவரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்குக் காளைகளைப் பரிசோதித்து அனுப்பும் பணிக்குக் கால்நடை மருத்துவர்களை அழைத்துப் போய்விடுவார்கள். அந்த மூன்று நாளும் எந்த மயிலும் காலை ஒடித்துக்கொள்ளக் கூடாது என்று அழகரிடம் வேண்டிக்கொள்வோம்.

மற்றபடி பராமரிப்பாளர்கள் நான்கு பேர், சமையல்கட்டு அக்கா, டிரைவர் அண்ணன், ராத்திரிக் காவலுக்கு ஒரு பெரியவர். வனத்துறைப் பக்கமிருந்து வனவர் வருவார். வேட்டைத் தடுப்புக் காவலர் தம்பிகள் இரண்டு பேர் வந்து போவார்கள். ஒரு பருந்தின் றெக்கை எலும்பைச் சேர்த்துக் கட்ட டாக்டருக்கு அரைமணி நேரம். அப்புறம் அது பறக்கிறவரை ஒன்றரை மாதம் எங்கள் பாடு.

என் மகள் காட்டு விலங்கு டாக்டர் ஆக ஆசைப்படுகிறாள். என்ன படிக்க வேண்டும்?

முதலில் எல்லாரையும் போலக் கால்நடை மருத்துவம். பி.வி.எஸ்சி. ஏ.ஹெச். என்று போடுவார்கள், ஒரு வருடப் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் கல்லூரிகள் இருக்கின்றன. 1903-இல் தொடங்கிய சென்னைக் கல்லூரிதான் மூத்தது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று போக வேண்டியிருந்த நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்போது தேனியிலும் ஒன்று வந்துவிட்டது. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்கு மட்டும் நீட். அதன் பிறகு முதுகலையில் வன உயிரின அறிவியல் எடுக்கலாம்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இளங்கலையில் அவள் பெரும்பாலும் பார்க்கப் போவது பசுவும் எருமையும் ஆடும்தான். அதில் சலிப்பு வந்தால் இதிலும் வரும். தமிழக வனத்துறையில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்துப் பெயர் பெற்ற டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி, 2002-இல் காலமானவர், முகாம் யானைகளின் காலையும் காதையும் தினமும் பார்த்ததோடு, காட்டில் செத்துக் கிடந்த யானைகளை அறுத்து ஏன் செத்தது என்றும் தேடினார். எங்கள் டாக்டர் அடிக்கடி சொல்லும் பெயர் அது. அழுகின உடம்பின் வாடைக்கு மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியுமா என்று உங்கள் மகளை முதலில் கேளுங்கள்.

மற்ற வேலைகளுக்கு என்ன படிப்பு வேண்டும்?

எங்கள் இடத்தில் யாரும் சான்றிதழைக் கேட்டதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், ஏனென்றால் பதிவேடு உண்டு. எது வந்தாலும் முதல் காரியம் எடை போடுவது. மளிகைக் கடையில் இருப்பது மாதிரி ஒரு மின்னணுத் தராசு. துணிப்பையில் போட்டு எடை பார்த்து, பையின் எடையைக் கழித்து எழுதுவோம். ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில். பருந்து பார்க்கக் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும், இறகுக்குள் எலும்பும் தோலுமாக இருக்கும். தராசுதான் உண்மையைச் சொல்லும்.

இரண்டாவது தகுதி, வாயை மூடிக்கொண்டிருப்பது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நாய் துரத்திப் புள்ளிமான் ஒன்று வரும். உடம்பில் ஒரு கீறல் இருக்காது. உயிர் தப்பியது என்று நினைப்போம். இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். பயத்தில் ஓடி ஓடித் தசை உள்ளுக்குள்ளேயே சிதைந்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். அந்த மானுக்குப் பக்கத்தில் நின்று போனில் சத்தமாகப் பேசினால் அதுவும் ஓர் அடிதான். அதனால் மான் அறைப் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடப்போம். புதிதாக வந்த ஒரு தம்பி நல்ல உழைப்பாளி, ஆனால் வாய் ஓயாது. எட்டாம் நாள் அவனாகவே போய்விட்டான். "இங்க பேசவே ஆள் இல்லண்ணே" என்றான்.

கடிக்காதா? கொத்தாதா?

கடிக்கும், கொத்தும், கீறும், மேலே பேளும். எதை எங்கே பிடிப்பது என்பதுதான் இந்த வேலையின் பாதி. பருந்து, வல்லூறு, ஆந்தை என்றால் முதலில் காலைப் பிடிக்க வேண்டும். அலகைப் பார்த்துப் பயப்படுகிறவன் நகத்தில் மாட்டுவான். மடையான், நாரை என்றால் தலைகீழ்: முதலில் அலகு. அவை குத்துவது கண்ணைப் பார்த்துத்தான். சேர்ந்த முதல் மாதம் "இத்துணூண்டு மடையான் என்ன செய்யப் போகுது" என்று குனிந்தேன். இடது புருவத்துக்கு மேலே இன்னும் தழும்பு இருக்கிறது, ஒரு விரற்கடை கீழே குத்தியிருந்தால் கண் போயிருக்கும். அன்றிலிருந்து வெல்டிங் கடையில் வாங்கிய கண்ணாடி போடாமல் நாரைக் கூண்டுக்குள் போவதில்லை.

மயிலுக்கு ஒரு பழைய காலுறை. நுனியை வெட்டிவிட்டுத் தலையில் மாட்டினால் கண் மறையும், அலகு மட்டும் வெளியே நிற்கும். கண் மறைந்ததும் அவ்வளவு பெரிய பறவை பொம்மை மாதிரி அடங்கிவிடும். அப்புறம் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து உடம்பைக் கைக்குக் கீழே இடுக்கிக்கொள்ள வேண்டும். காலில் முள் இருக்கிறது, அது வயிற்றைக் கிழிக்கும். உடும்பு வாலால் அடிக்கும். கம்பியைப் பற்றிவிட்டால் உடும்புப்பிடி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

நாங்கள் எல்லாரும் வெறிநாய்க்கடி ஊசியை முன்கூட்டியே போட்டிருக்கிறோம்: முதல் நாள், ஏழாம் நாள், பிறகு மூன்றாம் அல்லது நான்காம் வாரம். கடிபட்டால் அப்போதும் போட வேண்டும், எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். கீரியோ நரியோ குரங்கோ கடித்தால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுவோம். மஞ்சளும் சுண்ணாம்பும் வைப்பதில்லை. சமையல்கட்டு அக்காவுக்கு இதில் இன்னும் மனக்குறை உண்டு.

சாப்பாடு யார் போடுகிறார்கள்? என்ன போடுகிறீர்கள்?

அக்காதான். காலை ஐந்தரைக்குக் கறிக்கடைக்குப் போய்விடுவார். சைவக்காரர். வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டார். இங்கே கோழிக் கழுத்தை எலும்போடு நறுக்கி, வெள்ளெலி வாலைப் பிடித்துத் தூக்கி எடை போட்டுத் தட்டில் வைப்பார். கேட்டால், "எனக்கா சமைக்கிறேன்?" என்பார்.

பருந்துக்கும் ஆந்தைக்கும் வெறும் சதைக்கறி மட்டும் போட்டால் எலும்பு மெலிந்து, குஞ்சாக இருந்தால் கால் வளைந்துவிடும். எலும்பு, தோல், முடி எல்லாம் உள்ளே போக வேண்டும். செரிக்காத முடியையும் இறகையும் மறுநாள் உருண்டையாகக் கக்கும். அந்த உருண்டையைப் பார்த்தால்தான் எங்களுக்கு நிம்மதி. அக்கா அதைக் குச்சியால் பிரித்துப் பார்த்து, "கூகைக்கு வயிறு சரியாயிடுச்சு" என்று அறிவிப்பார். மடையானுக்குக் கண்மாய்க் கெண்டைப்பொடி, தண்ணீர்த் தட்டில் உயிரோடு. பழந்தின்னி வௌவாலுக்குப் பப்பாளி, கொய்யா. நட்சத்திர ஆமைக்குக் கீரை, சப்பாத்திக்கள்ளி. மயிலுக்குக் கம்பு, நிலக்கடலை, கூடவே கரையான்.

கஷ்டமான விருந்தாளி அழுங்குதான், சிலர் எறும்புத்தின்னி என்பார்கள். எறும்பும் கரையானும் தவிர எதையும் எளிதில் தொடாது. மரத்திலிருந்து முசுட்டெறும்புக் கூட்டை இறக்க ஒரு ஆள், கடி வாங்க இன்னொரு ஆள்.

பால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குட்டி எதுவானாலும் பசும்பால் ஊற்றிக்கொண்டுதான் கொண்டுவருகிறார்கள். மரநாய்க் குட்டியாகட்டும், முயல் குட்டியாகட்டும், வயிற்றுப்போக்கில் பாதி உயிர் போயிருக்கும். பறவைக்குப் பால் ஊற்றுகிறவர்களும் உண்டு. எந்தப் பறவை பால் குடித்து நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?

தேவாங்கு வருமா?

வரும். நத்தம், அய்யலூர்ப் பக்கமிருந்துதான் அதிகம். ரோட்டைக் கடக்கும்போது அடிபட்டது, மின்கம்பியில் ஏறியது, மாந்திரீகம் செய்கிறவனிடமிருந்து மீட்டது. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் அவற்றுக்கென்றே கடவூர் தேவாங்கு சரணாலயத்தை 2022-இல் அறிவித்தார்கள், 11,806 ஹெக்டேர். மேலூர் அரிட்டாபட்டியிலும் தேவாங்கு உண்டு. அதே 2022-இல்தான் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலம் ஆனது.

திருதிருவென்று நிற்கிறவனை "தேவாங்கு மாதிரி முழிக்காதே" என்று திட்டுவோம். அந்த முழியை ஒரு முறை நேரில் பார்த்தால் யாரையும் அப்படித் திட்ட மாட்டீர்கள். கால் கிலோ சுமாருக்கு ஒரு உடம்பு, அதில் முகம் முழுக்கக் கண். ராத்திரி உயிரினம் என்பதால் மங்கிய சிவப்பு விளக்கில்தான் வேலை. கம்பைப் பிடித்துக்கொண்டால் இழுக்கக் கூடாது. கடைசி விரலிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து, உடனே வேறு குச்சியைக் கையில் கொடுக்க வேண்டும். வெறுங்கையாக விட்டால் பதறிவிடும்.

என்னுடைய தப்பு ஒன்று இதில் இருக்கிறது. முதன்முதலாக ஒரு தேவாங்கு வந்தபோது, சுத்தமாக இருக்கட்டும் என்று கூண்டிலிருந்த எல்லாக் கொம்புகளையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டேன். அது இரண்டு ராத்திரி ஒரு வெட்டுக்கிளியைக்கூடத் தொடவில்லை. டாக்டர் வந்து மோந்து பார்த்துவிட்டு, "அதோட வீட்டு வாசனையையே கழுவிட்டியேப்பா" என்றார். தேவாங்கு தன் சிறுநீரைக் கையிலும் காலிலும் தடவிக்கொண்டு, நடக்கும் கிளையெல்லாம் அந்த வாசனையை விட்டுப் போகும். இப்போது ஒரு கொம்பை மட்டும் கழுவாமல் விடுகிறோம்.

அவற்றுக்குப் பெயர் வைப்பீர்களா? உங்களிடம் பாசமாக இருக்குமா?

எண்தான். மயில் 14, கூகை 3 என்று. பெயர் வைத்தால் கூப்பிடத் தோன்றும், கூப்பிட்டால் அது திரும்பிப் பார்க்கும், திரும்பிப் பார்க்கப் பழகியது வெளியே போய் யாரைப் பார்த்தாலும் கிட்டே வரும். வெளியே இருக்கிறவன் கையில் கல் இருக்கலாம். அதனால் எங்களைக் கண்டால் பயந்து கூண்டின் மூலைக்குப் போகிற பறவையைத்தான் நல்ல நோயாளி என்கிறோம். ஆந்தைக் குஞ்சுக்குத் தீனி கொடுக்கும்போது முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு இடுக்கியால் நீட்டுவோம். பேசுவதில்லை. மனிதனை அம்மா என்று நினைத்து வளர்ந்த ஆந்தைக்குத் துணை தேடவும் தெரியாது.

கிளி ஜோசியக்காரரிடமிருந்து பறிமுதல் செய்த ஒரு பச்சைக்கிளி வந்தது. றெக்கையை வெட்டியிருந்தார்கள்; வெட்டிய இறகின் தண்டு தானாக உதிர்ந்து புது இறகு முளைக்கும்வரை காத்திருக்க வேண்டும், பல மாதம் ஆகும். தினமும் காலையில் கூண்டுத் தரையில் நான் விரிக்கும் செய்தித்தாளை நுனியில் கவ்வி உருவி, என்னிடம் நீட்டிவிட்டு, ஒரு நெல்லுக்காகக் காத்து நிற்கும். நான் வாங்காமல் போய்விடுவேன். மறுநாளும் நீட்டும். பிறகு மற்ற கிளிகளோடு பெரிய கூண்டில் விட்டோம். ஒரு நாள் தாள் போட்ட இடத்திலேயே கிடந்தது. இந்தப் பதினோரு வருடத்தில் என் மனசு நிறைந்த நாள் எது என்று கேட்டால் அதைச் சொல்வேன். வீட்டில் சொன்னேன், "இதுல என்ன இருக்கு" என்றார்கள்.

பறிமுதல் ஆனவை வழக்குச் சொத்து என்பதையும் சொல்ல வேண்டும். றெக்கை முளைத்தாலும் நீதிமன்ற உத்தரவு வந்தால்தான் வெளியே. நட்சத்திர ஆமைகள் வாய்தாவுக்காகக் காத்திருப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், நான் பார்த்திருக்கிறேன். அவசரப்படாத ஜீவன், அது ஒரு நல்ல காலம்.

கூகை வீட்டுக்குள் வந்துவிட்டது. சாவு விழுமா?

எலிக்குத்தான் சாவு. மதுரையில் பழைய ஓட்டு வீடுகள், கோயில் கோபுரங்கள், நெல் கிட்டங்கிகள் இருக்கிறவரை கூகையும் இருக்கும். "சாக்குருவி" என்று கல்லால் அடித்துக் கொண்டுவருகிறார்கள். ராத்திரி அது சீறுவது பயமாகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஜன்னலைத் திறந்து வைத்து விளக்கை அணைத்துவிடுங்கள், தானாகப் போகும்.

அடிபட்ட பறவையைப் பார்த்தால் நான் என்ன செய்யட்டும்?

ஓர் அட்டைப்பெட்டி. மேலே நாலு ஓட்டை, கீழே பழைய துண்டு. துணியைப் போட்டு மூடி எடுத்து உள்ளே வைத்து, மூடியை ஒட்டி, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். தண்ணீரை அலகுக்குள் ஊற்றாதீர்கள். பறவைக்கு நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழாய் வாய் இருக்கிறது, ஊற்றின தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். சித்திரை வெயிலில் சுருண்டு விழுந்த கிளிகளில் கணிசமானவை வெயிலில் சாகவில்லை, தண்ணீர் ஊற்றியதில்தான் செத்தன. நல்ல மனசோடு செய்த காரியம், அதனால் யாரையும் திட்டவும் முடியாது.

நாய் பெயருக்கு வாங்கிய மாத்திரை, வீட்டில் மிஞ்சிய மாத்திரை எதுவும் வேண்டாம். பாராசிட்டமால் பூனை இனத்துக்கே விஷம். காட்டுப்பூனைக் குட்டிக்குக் கொடுத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். டைக்ளோஃபெனாக் கதை உங்களுக்கே தெரிந்திருக்கும்: அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இந்தியா முழுக்கச் செத்து விழுந்தன. கால்நடைகளுக்கு அதை 2006-இல் தடை செய்தார்கள். எங்கள் அலமாரியில் வலிக்கு மெலாக்சிகாம்தான் இருக்கும்.

பிறகு வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுயிர் அரசாங்கச் சொத்து. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்ல வேண்டும். "ஒரு வாரம் வச்சுப் பார்த்தோம், சரியாகல, அதான் கொண்டாந்தோம்" என்பது எங்களுக்கு ரொம்பப் பழகிய வசனம். ஒரு வாரத்தில் உடைந்த எலும்பு கோணலாகக் கூடியிருக்கும்.

மின்கம்பியில் அடிபட்டது என்றால், நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாது. நாலாம் நாள், ஐந்தாம் நாள்தான் றெக்கை நுனி கறுத்துச் சருகு மாதிரி காயும்.

குஞ்சு கீழே விழுந்து கிடக்கிறது. கொண்டுவரலாமா?

பெரும்பாலும் வேண்டாம். இறகு முளைத்து தத்தித் தத்தி நடந்தால் அது பறக்கப் பழகுகிறது, அம்மா மேலே கிளையிலிருந்து உங்களைத்தான் திட்டிக்கொண்டிருக்கும். பூனை எட்டாத கொப்பில் எடுத்து வையுங்கள். மனிதன் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் சும்மா பேச்சு. தோல் தெரிகிற வெறுங்குஞ்சு என்றால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். கூடு கலைந்திருந்தால் கொட்டாங்கச்சியிலோ சின்னக் கூடையிலோ நார் போட்டு அதே மரத்தில் கட்டுங்கள். எங்கள் அக்கா எவ்வளவு நன்றாக ஊட்டினாலும் அதன் அம்மாவுக்கு ஈடாகாது.

மயில்கள் விஷம் வைத்துச் சாகிறதாமே? நீங்கள் விவசாயிகளைப் பிடித்துக் கொடுப்பீர்களா?

பிடிப்பது எங்கள் வேலை இல்லை, வனச்சரக அலுவலரின் வேலை. மயில் தேசியப் பறவை, சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கொன்றால் சிறை. இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் நெல்லில் பூச்சிமருந்தைக் கலந்து வரப்பில் போடுகிறார்கள்.

வரும்போது பார்க்கச் சகிக்காது. வாயில் நுரை, கழுத்து நிற்காது, கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். அந்தக் கண்ணைப் பார்த்ததும் டாக்டர் அட்ரோபின் ஊசியைக் கேட்பார். தோட்டத்துக்காரர் மருந்து குடித்தால் பெரியாஸ்பத்திரியில் போடும் அதே ஊசிதான். நேரத்துக்கு வந்தால் சில பிழைக்கும். ஆனால் மயில் தனியாகத் தின்பதில்லை. ஒன்று வந்தது என்றால் வயலில் இன்னும் கிடக்கிறது என்று அர்த்தம். அந்த நெல்லைத் தின்ற கவுதாரி, புறா, செத்ததை இழுத்த நரி, எல்லாம் அதே வரிசையில் வரும்.

என் தகப்பனாரும் விவசாயிதான், கொட்டாம்பட்டிப் பக்கம் மானாவாரி. நிலக்கடலை விதைத்த மறுநாள் இருபது மயில் வரிசையாக நின்று தோண்டித் தின்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் விஷம் வைக்கவில்லை, ஆனால் வாயில் வந்ததையெல்லாம் முருகனையும் சேர்த்துத் திட்டினார். பயிர் போனதற்கு நிவாரணம் காலத்தில் கைக்கு வந்தால் பாதி விஷம் குறையும் என்பது என் அபிப்பிராயம். நரி குறைந்துபோனதும் ஒரு காரணம் என்று டாக்டர் சொல்வார். விஷம் வைக்கிறவனை நியாயப்படுத்தவில்லை. அவன் கொண்டுவந்து போட்டுவிட்டு முகத்தைக் காட்டாமல் போவதும் உண்டு, நான் பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் "பெயர் சொல்லாதவர்" என்று எழுதினேன்.

பாம்பு பிடிக்கிறவர்களும் உங்கள் ஆட்களா?

இல்லை. வீட்டுக்குள் பாம்பு என்றால் தீயணைப்புத் துறை, வனத்துறை. எங்களிடம் வருவது மண்வெட்டியில் வெட்டுப்பட்டதும் மீன் வலையில் சிக்கியதும்தான். சாரைப்பாம்பு, மலைப்பாம்பு அதிகம். நாலு விஷப்பாம்பு, அதாவது நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், இவற்றைத் தொட எங்களில் ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. கடிபட்டால் நேராக ராஜாஜி மருத்துவமனை, வேறு பேச்சில்லை.

யானை, காட்டுமாடு எல்லாம் வருமா?

அவை வருவதில்லை, நாங்கள் போவோம். சிறுமலை, நத்தம் பக்கம் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகளில் காட்டுமாடு விழும். தீயணைப்பு வீரர்கள், ஜேசிபி, ஊரே திரண்டு நிற்கும். மயக்க ஊசி அங்கே உதவாது, தண்ணீருக்குள் மயங்கினால் மூழ்கிவிடும். கிணற்றின் ஒரு பக்கத்தை வெட்டிச் சரிவு போட்டு, ஆட்களை விரட்டிவிட்டு, விளக்கை அணைத்துக் காத்திருந்தால் தானாக ஏறிப் போகும். இதில் கஷ்டமானது ஆட்களை விரட்டுவது. டிரைவர் அண்ணன் அதில் கெட்டிக்காரர்.

பிழைக்காதவற்றை என்ன செய்வீர்கள்?

நிறையப் பிழைக்காது. முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம் போகும். றெக்கை முழுதாகப் போன பருந்தை வாழ்நாள் முழுக்கக் கூண்டில் வைப்பதா, ஊசி போட்டு அனுப்புவதா என்று டாக்டர் முடிவெடுக்க வேண்டி வரும். முதல் அட்டவணை உயிரினம் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அந்த ஊசி போடுகிற நாளில் டாக்டர் எங்களோடு டீ குடிக்க மாட்டார். செத்தது எதுவானாலும் பிரேதப் பரிசோதனை, பிறகு வனத்துறை முன்னிலையில் எரிப்பது அல்லது புதைப்பது. மயிலிறகு கேட்டு வராதீர்கள். கொடுக்க மாட்டோம்.

சம்பளம் எப்படி?

கீழவாசலில் புரோட்டா மாஸ்டர் எங்களைவிட நன்றாக வாங்குகிறார். பொண்ணு பார்க்கப் போனபோது "ஆஸ்பத்திரியில் வேலை" என்று அப்பா சொல்லிவிட்டார். என்ன ஆஸ்பத்திரி என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கல்யாணம் ஆகி மூன்றாம் நாள் என் சட்டையை மோந்து பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

வந்து பார்க்கலாமா? உதவி செய்யலாமா?

பார்க்க வேண்டாம். மேலே மானைப் பற்றி எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். உதவ நினைத்தால் பழைய பருத்தித் துண்டு, செய்தித்தாள், அட்டைப்பெட்டி கொடுங்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இருந்தால் ரொம்ப உபயோகம்: பருந்தின் வால் இறகு கூண்டில் உரசி ஒடியாமலிருக்க அதை மடித்து உறையாகப் போடுவோம். இப்போதெல்லாம் எக்ஸ்ரேயைப் போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள், அதனால் தட்டுப்பாடு. உங்கள் தாத்தாவின் மூட்டு எக்ஸ்ரே இந்த நிமிடம் ஒரு செம்பருந்தின் வாலில் இருக்கலாம்.

நாங்கள் கொண்டுவந்த கூடையை எப்போது திருப்பிக் கொடுப்பீர்கள்?

சிரிக்காதீர்கள், எங்களுக்கு வரும் போன்களில் பாதி இதுதான். பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்துக் கழுவி மூன்று நாள் வெயிலில் காய்ந்த பிறகுதான் தருவோம், கிருமி போக வேண்டும் இல்லையா. இப்போதைக்கு வராண்டாவில் இருப்பவை: பனையோலைப் பெட்டி இரண்டு, பஞ்சாரம் ஒன்று, ஊதா நிற பிளாஸ்டிக் வாளி, பள்ளிக்கூடப் பை ஒன்று, இட்லிக் கொப்பரை ஒன்று. கொப்பரைக்காரம்மா மட்டும் சீக்கிரம் வந்து எடுத்துப் போகவும். அக்கா அதில் கம்பு ஊறவைக்க ஆரம்பித்துவிட்டார்.